பைலட் ட்ராக்கில் இரண்டு குரல்கள்

அந்தப் படத்தில் அவர் வாயசைக்கும்போது கேட்கும் குரல் அவருடையது அல்ல. சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ ஒரு பெண் பேசியது. படம் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதில் விசேஷமாக எதுவும் படவில்லை. ஒருவர் நடிப்பதும் இன்னொருவர் பேசுவதும் தமிழ்ப் படத்தில் நமக்குப் பழகிய ஏற்பாடு. அந்தப் பழக்கத்தால் இங்கே டெக்ஸாஸில் ஒருவருக்கு நேர்ந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நான் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் உதவி ஆசிரியர். சொந்த ஊர் தூத்துக்குடி. படத்துக்குள் நான் போனது அந்த ஊர்ப் பேச்சுக்காகத்தான்.

இயக்குநர் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளர். சனி, ஞாயிறுகளில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு குறும்படம் எடுப்பார். இது அவருடைய முதல் முழுநீளப் படம். கதை எளிமையானது. தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவர் இளம் வயதில் டெக்ஸாஸ் துறைமுகத்தில் இறங்கி, திரும்பிப் போகாமல், ஒரு கறுப்பினப் பெண்ணை மணந்து இங்கேயே வாழ்ந்து இறந்துபோகிறார். அஸ்தியை வாங்க ஊரிலிருந்து தம்பி வருகிறார். கணவரிடம் நாற்பது வருடம் கேட்டுப் பழகிய தமிழில் அந்த விதவை அவரிடம் பேசுகிறார். படம் முழுக்க அந்த இருவரின் பேச்சுதான்.

விதவை வேடத்துக்கு இயக்குநர் கண்டுபிடித்தவர், கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை பாடும் எழுபத்திரண்டு வயதுப் பாடகி. ஹூஸ்டனில் ஓர் உணவகத்தில் ஞாயிறு பிற்பகல்களில் பாடிக்கொண்டிருந்தார். ஐம்பது வருடமாக மேடையில் இருப்பவர். நானும் ஒரு முறை போய்க் கேட்டேன். அடிவயிற்றிலிருந்து எழும் குரல், வரியின் பாதியில் கரகரத்து உடையும். அந்த இடத்தில் கூட்டம் கைதட்டும். அந்த வருடம் கரகரப்பு கூடியிருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர் ரசித்துச் சொன்னார். கூடியிருந்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நடிக்கக் கேட்டதும் அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். பாட மாட்டார். பேசுவதாக இருந்தால் மட்டும் வருவார். இயக்குநருக்கு அது வசதியாகவே இருந்தது.

செவ்வாய், வியாழன் மாலைகளில் வேலை முடிந்து 288ஆம் ஃப்ரீவேயில் பாடகியின் வீட்டுக்குப் போவேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து வசனம் சொல்லித் தருவேன். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சொல்லச் சொல்வார். மூன்று முறையும் கண்ணை மூடியிருப்பார். பிறகு ஒரு மஞ்சள் காகிதத்தில் தன் எழுத்தில் எழுதி, எந்த எழுத்தின் மேல் குரல் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சின்னச் சின்ன அம்புக்குறிகள் போடுவார். அர்த்தத்தைக் கடைசியில்தான் கேட்பார். அதுவும் அகராதி அர்த்தம் அல்ல.

"இதைச் சொல்றப்போ அந்தம்மா உக்காந்திருக்காளா, நிக்கிறாளா?" என்பார். அவர் பேசியது ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன்.

"நிக்கிறாங்க மேம்."

"கையில என்ன இருக்கு?"

"ஸ்க்ரிப்ட்ல ஒண்ணும் இல்ல."

"நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ கையில ஒண்ணும் இல்லாம நிக்க மாட்டா, டீச்சர். உன் டைரக்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கிண்டலும் அதில் உண்டு.

மூன்றாம் வாரம், பாடம் தொடங்கும் முன், மேசை மேல் மருத்துவமனைக் காகிதம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். வாசித்தேன். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும். மூச்சுவிடக் கழுத்தின் முன்புறம் நிரந்தரமாக ஒரு துளை இருக்கும். பிற்பாடு கருவி பொருத்திப் பேசப் பழகலாம். அது வேறு குரலாக இருக்கும்.

"ஒரு மாசம் தள்ளி வெச்சிருக்கேன்" என்றார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"தள்ளாதேன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் நான் தள்ளினேன்."

படத்துக்காகவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. உங்கள் பாட்டு இசைத்தட்டுகளில் இருக்கிறது, பேச்சு மகளின் ஃபோனில் வாய்ஸ்மெயிலாக இருக்கும், இன்னும் வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்யலாம், இதற்காக ஏன் உயிரோடு விளையாட வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"ஃபோன்ல இருக்கிறது என் குரல். படத்துல இருக்கப்போறது என் வேலை" என்றார். "அம்பது வருஷமா மத்தவங்க எழுதின பாட்டைத்தான் பாடினேன். எங்க போனாலும் அதே எட்டுப் பாட்டு. நடிக்கணும்னு எத்தனை இடத்துல போய் நின்னிருக்கேன் தெரியுமா? எல்லாரும் ஒரு மூலையில மைக்கைக் குடுத்துப் பாடுன்னுதான் சொன்னாங்க. பேசுன்னு சொன்னது உன் ஆள் ஒருத்தர்தான். அதுவும் எனக்குத் தெரியாத பாஷையில. பரவாயில்ல. ஒரு தடவையாவது இந்தக் குரல்ல ஒரு மனுஷியா பேசி முடிச்சுட்டு அப்புறம் அவங்க வெட்டட்டும்."

பிறகு காகிதத்தை மடித்தார். "அவங்ககிட்ட சொல்லாதே. உடம்பு சரியில்லைன்னு தெரிஞ்சா அடுத்த வாரம் என் இடத்துல வேற ஒருத்தி நிப்பா. நான் பாத்திருக்கேன். நானே அப்படிப் போய் நின்னிருக்கேன்."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவில்லை.

படப்பிடிப்பு ஆகஸ்டில், நான்கு வார இறுதிகளில், பேர்லேண்டில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அங்கிளின் வீட்டில் நடந்தது. தம்பியாக நடித்தவர் இர்விங்கில் மென்பொருள் வேலை செய்பவர். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி நேரம் கார் ஓட்டி வருவார். கேமராவுக்கு ஒருவர், விளக்குக்கு இருவர். ஒலிக்குப் பொறுப்பேற்றவர் வார நாட்களில் டேட்டாபேஸ் பார்ப்பவர். கேமராவின் தலையில் ஒரு மைக் மாட்டியிருந்தார். அதில் பதிவாவதைப் பைலட் ட்ராக் என்பார்கள். படத்தை வெட்டி ஒட்டுவதற்கும், பிற்பாடு நடிகர்கள் திரையைப் பார்த்துத் திரும்பப் பேசும்போது ஒரு வழிகாட்டியாகவும் மட்டும் அது இருக்கும். படத்தில் கேட்பதற்காக அல்ல.

வெளியே நூறு டிகிரி வெயில். உள்ளே ஏசி முழு வேகத்தில் ஓடியது. பக்கத்து வீட்டில் புல்வெட்டும் இயந்திரம் வந்துபோனது. முதல் நாள் ஒலிக்காரர் ஒரு முறை கையைத் தூக்கினார்.

"பாஸ், மோவர் சத்தம் அப்படியே விழுது."

"விழட்டும். டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.

இந்த வாக்கியத்தை அந்த எட்டு நாட்களில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஃப்ரிட்ஜ் சத்தம் வந்தபோது, தலைக்கு மேல் விமானம் போனபோது, தம்பி நடிகருக்குத் தும்மல் வந்தபோது. வீட்டுக்கார ஆன்ட்டி சமையலறையில் மிக்ஸி போட்டுவிட்டு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டபோதும் அதே பதில்தான். கேட்டுக்கொண்டே இருந்தேன். குரல்வளையை எடுக்கப்போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தன. ஒன்றை ஒன்று தொடவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை ப்ராம்ப்டிங். கேமராவுக்குக் கீழே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஸ்க்ரிப்டைப் பார்த்து ஒவ்வொரு வரியையும் உரக்க எடுத்துக்கொடுக்க வேண்டும். நடிகர் கேட்டுக்கொண்டே சொல்வார். சத்தம் எப்படியும் பிற்பாடு மாறப்போவதால் எடுத்துக்கொடுப்பவரின் குரல் விழுந்தாலும் கவலையில்லை.

இரண்டாம் நாள் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "டீச்சர், நீ சொல்லாட்டியும் எனக்கு வரும்."

அது உண்மை. மொத்த ஸ்க்ரிப்டும் அவருக்கு மனப்பாடம். எதிரில் நடிப்பவரின் வரிகள்கூட. இயக்குநரிடம் போய்ச் சொன்னேன்.

"வரும்கா, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு சில்லபிள் மாறிட்டா லிப் சிங்க் போச்சு. ரீஷூட்டுக்கு இன்னொரு வீக்கெண்ட் கிடைக்காது. நீங்க பாட்டுக்குக் குடுத்துட்டே இருங்க."

கொடுத்துக்கொண்டே இருந்தேன். பாடகியும் சினிமாவில் இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். என் குரலை எப்படி நீக்குவார்கள் என்று ஒரு முறை கேட்டார். அதற்கெல்லாம் வழி இருக்கிறது என்றேன். அந்தப் பதிலைச் சொன்னபோதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மதியச் சாப்பாடு ஆன்ட்டி பொறுப்பு. முதல் நாள் தட்டை நீட்டியபடி, "மேடம், ஸ்பைஸி ஓகேவா?" என்று தயங்கினார்.

"எங்க அம்மா ஊர் லூசியானா. இதை அங்க பல் முளைக்காத குழந்தைக்குக் குடுப்பாங்க" என்றார் பாடகி.

"ஆன்ட்டி, உங்க காரக்குழம்பை செரிலாக்குன்னு சொல்றாங்க" என்றார் இர்விங்காரர்.

ஆன்ட்டி உள்ளே போய் மாகாளிக்கிழங்கு ஊறுகாயோடு வந்து தட்டில் இரண்டு கரண்டி வைத்தார். பாடகி அதையும் முழுதாகச் சாப்பிட்டார். படப்பிடிப்பின் மூன்றாம் வாரத்திலிருந்து அவரால் கெட்டியாக எதையும் விழுங்க முடியவில்லை. ரசத்தை மட்டும் டம்ளரில் வாங்கிக் குடித்தார். டயட் என்று சொல்லிவைத்தார். எல்லோரும் நம்பினார்கள்.

கடைசி ஞாயிறு முக்கியமான காட்சி. சாப்பாட்டு மேசையில் அஸ்திக் கலசம். தம்பி, "அண்ணன் ஏன் ஒருதரம்கூட ஊருக்கு வரல?" என்று கேட்கிறார். துவைத்த துண்டுகளை மடித்தபடி அந்த விதவை பதில் சொல்கிறார். துண்டு பாடகியின் யோசனை. "ஒங்க அண்ணன் வரமாட்டேன்னு ஒருநாளும் சொல்லலய்யா. நாளைக்கு, நாளைக்குன்னுதான் சொன்னாவ. நாப்பது வருசம் எனக்கு அந்த நாளைக்கித்தான் சோறு போட்டுச்சு." என் ஊர்க் கிழவிகள் சாவு வீட்டில் பேசுவது போல, அழாமல், கணக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்தக் குரல் கடைசி வார்த்தைகளில் கிழிந்து, பிறகு கூடிவந்தது. ஒரே டேக். ஆன்ட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் கீழே உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எடுத்துக்கொடுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எனக்கு விடுப்பு. பாடகியின் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்கால் சூப் வைத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நிம்மதியாக இருந்தார். "முடிச்சுட்டேன்" என்று இரண்டு முறை சொன்னார். வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை. அந்த ஒரு மாதம் எதையாவது மாற்றியதா என்று மருத்துவர் சொல்லவில்லை. கேட்க எங்களுக்குத் தைரியமும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, முன்மேசையில் ஒரு நோயாளியிடம் படிவம் வாங்கிக்கொண்டிருந்தபோது இயக்குநர் கூப்பிட்டார்.

"அக்கா, எடிட்டிங் முடிஞ்சு லாக் ஆயிடுச்சு. மேடமுக்கு ரெண்டு நாள் டப்பிங் போதும். இந்த சாட்டர்டே ஃப்ரீயான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். படிவத்தில் பிறந்த தேதி விடுபட்டிருந்தது. அதைக் கேட்டு எழுதினேன். நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பத்திரிகையில் இருந்தபோது முதல் பத்தியும் ஏழாம் பத்தியும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று நிருபர்களைத் திட்டியவள் நான்.

மாலை இயக்குநர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லியிருக்கணும்கா."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க, தம்பி."

"ஆபரேஷனைச் சொல்ல வேணாம். லைவ் சவுண்ட் வேணும்னு மட்டும் சொல்லியிருக்கலாமே. அவங்க பிரியப்படுறாங்கன்னு சொல்லியிருந்தா ஏசியை ஆஃப் பண்ணிட்டு எடுத்திருப்பேன். சட்டையில குத்துற ஒரு லேப்பல் மைக் போதும்கா. இல்லாட்டி அந்த மண்டே, டியூஸ்டே. ரெண்டு நாள். இதே ஹால்ல போர்வையைத் தொங்கவிட்டு முடிச்சிருப்பேன்."

ரகசியத்தையும் காப்பாற்றிக்கொண்டு குரலையும் காப்பாற்றியிருக்கலாம். அவர் சொன்னது அவ்வளவும் சரி. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

மறுநாள் ஒலிக்காரர் வீட்டில் மூவரும் உட்கார்ந்து பைலட் ட்ராக்கைக் கேட்டோம். ஏசியின் இரைச்சல். அதற்கு மேலே ஒரு பெண்ணின் குரல், தெளிவாக, அவசரமில்லாமல், தூத்துக்குடித் தமிழில். என் குரல். மைக்கிலிருந்து இரண்டடியில் நான் உட்கார்ந்திருந்தேன். பத்தடி தள்ளி அவர் நின்றார். என் பேச்சுக்குப் பின்னால், அடுத்த அறையில் யாரோ இருப்பது போல அவர் கேட்டார்.

ஒலிக்காரர் மென்பொருளில் இரண்டு குரல்களையும் பிரிக்கப் பார்த்தார். ஒரு வாரம் வேலை விட்டு வந்து ராத்திரி சாப்பாடு வரை அதிலேயே இருந்தார். பிரித்ததை அனுப்புவார். காதில் மாட்டிக் கேட்பேன். என்னை அழித்த இடங்களில் அவரும் அழிந்திருந்தார். தண்ணீருக்குள் பேசுவது போல ஏதோ மிஞ்சியது. ஒன்று மட்டும் கண்டுபிடித்தார். பாடகி ஒவ்வொரு வரியையும் எனக்குச் சற்றுப் பின்னால்தான் தொடங்கியிருக்கிறார். தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வருவது ப்ளூஸ்காரர்களின் வழக்கமாம். அதனால் நான் முடித்த பிறகும் அவர் ஒரு வார்த்தை, ஒன்றரை வார்த்தை பேசுகிறார். அந்த நுனிகளில் நான் இல்லை. "சொன்னாவ." "போட்டுச்சு." "தெரியாதுய்யா." இரைச்சலை நீக்கினால் நுனிகள் மட்டும் சுத்தமாக வந்தன. படம் முழுவதிலும் தேடிச் சேர்த்தால் இரண்டு நிமிடம்கூடத் தேறவில்லை.

பாடகியிடம் சொல்ல வேண்டியது நான்தான். ஒரு சனிக்கிழமை காலை போனேன். அவர் மகள் கதவைத் திறந்தார். தபால் துறையில் வேலை செய்பவர், வார இறுதிகளில் அம்மாவோடு இருக்கிறார். பாடகி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துளையை மறைத்து மெல்லிய துணி. மூச்சு வரும்போது அது உப்பி அடங்கியது. மடியில் எழுதும் பலகை. என்னைப் பார்த்ததும் "டீச்சர்" என்று எழுதிக் காட்டினார்.

உட்கார்ந்து சொன்னேன். சுருக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. படப்பிடிப்பில் பதிவானது வழிகாட்டி ஒலி மட்டும், குரலைத் தனியாகப் பிற்பாடு பேச வேண்டும், அது எனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் யோசிக்கவில்லை.

கையை நீட்டினார். என் ஃபோனில் பைலட் ட்ராக் இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டி, துண்டு மடிக்கும் காட்சியைப் போட்டேன். இரண்டு முறை கேட்டார். பிறகு பலகையில் எழுதினார். "நீ நன்றாக நடித்திருக்கிறாய்."

மகளுக்குப் புரியவில்லை. ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டார். அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்காகவா ஒரு மாசம் தள்ளினா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா."

"உன் குரலை அதுலேருந்து எடுக்க முடியாதா?"

"முயற்சி பண்ணினோம். முடியல."

பாடகி பலகையை அழித்துவிட்டு, டப்பிங்குக்கு என்றைக்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்று கேட்டார். என்றைக்கு வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம் என்றேன். சுவரில் மாட்டியிருந்த, தாள் திருப்பாத நாட்காட்டியைப் பார்த்தார். அதில் அறுவை சிகிச்சை நடந்த அந்த வியாழன் இன்னும் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது. அதற்கு முந்தைய கட்டங்கள் மூன்றும் காலி. வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மகள் உள்ளே போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார், தேவைக்கு மேல் சத்தமாக.

போவதற்கு முன் இன்னொன்றையும் சொன்னேன். பாட்டுகளையும் வாய்ஸ்மெயிலையும் கொடுத்தால் கம்ப்யூட்டரே அவர் குரலில் வசனம் முழுவதையும் பேசிவிடும், ஒலிக்காரர் செய்துதருவதாகச் சொல்கிறார், சம்மதமா. உடனே எழுதினார். "அது பேசும். நான் பேசியிருக்க மாட்டேன்." கீழே ஒரு கோடு போட்டார்.

அதன் பிறகு இயக்குநரிடம் நான் கெஞ்சாத நாள் இல்லை. இரண்டு குரலும் சேர்ந்தே இருக்கட்டும் என்றேன். குரலே இல்லாமல் கீழே எழுத்து மட்டும் ஓடட்டும் என்றேன். நுனிகளையாவது வைக்கச் சொன்னேன். அவர் மோசமானவர் இல்லை. நுனிகளை வைத்து ஒரு காட்சியைச் செய்துகாட்டினார். அந்தம்மா வாயசைக்கிறார், சத்தமில்லை, கடைசி வார்த்தை மட்டும் எங்கிருந்தோ வருகிறது. ஸ்பீக்கர் கெட்டுப்போனது போல இருந்தது.

"அக்கா, எட்டுப் பேர் அவங்கவங்க வீக்கெண்டையெல்லாம் குடுத்திருக்காங்க. ஃபெஸ்டிவலுக்கு டெட்லைன் இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

நீங்களே பேசிவிடுகிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியாது என்றேன். படத்தைச் சென்னைக்கு அனுப்பினார்.

ஒரு ஞாயிறு பிற்பகல், ஹூஸ்டனில் ஒரு சமூகக் கூடத்தில் முதல் திரையிடல். பாடகி வருவார் என்று நான் நினைக்கவில்லை. மகளோடு வந்தார். நீலப் பட்டுச் சட்டை, கழுத்தில் அதே நிறத் துணி. சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் ஏற்பாடு இருந்தது. இந்த முறை நான் முன்கூட்டியே போய், கழுத்தில் போர்த்தக் கூடாது, அவர் மூச்சு அங்கேதான் என்று நிர்வாகியிடம் சொன்னேன். "அச்சச்சோ, அப்போ கையில குடுத்துடலாங்க" என்றார். கையில் கொடுத்தார்கள்.

படம் ஓடியது. நான் அவருக்கு அடுத்த இருக்கை. சென்னையில் பேசிய பெண் திறமைசாலி. உதட்டசைவு இம்மி பிசகவில்லை. ஆனால் திரையில் இருப்பது அமெரிக்கப் பெண் என்று சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. நம் படங்களில் வெள்ளைக்காரத் துரை பேசுவது போல நாக்கைச் சுழற்றி, வார்த்தைகளை மென்று பேசியிருந்தார். "நாலைக்கு, நாலைக்குன்னுதான்" என்றது குரல். திரையில் அவர் கைகள் துண்டை மடித்தன. அரங்கில் இரண்டு இடத்தில் மெல்லிய சிரிப்பு. பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வரியையும் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்துத் துணி மட்டும் உப்பி அடங்கியது.

முடிந்ததும் கூட்டம் எழுந்து கைதட்டியது. வெளியே காபி மேசைக்கருகில் ஓர் ஆன்ட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாட் அ பெர்ஃபார்மன்ஸ், மேடம்" என்றவர், என் பக்கம் திரும்பித் தமிழில் தொடர்ந்தார். "நம்ம பிள்ளைங்களே தமிழ் பேச மாட்டேங்குதுங்க. இந்த வயசுல இவங்க கத்துக்கிட்டுப் பேசியிருக்காங்க பாருங்க. அந்த ஆக்சென்ட் வேற அவ்ளோ க்யூட்டா இருந்துச்சு. சொல்லுங்க அவங்ககிட்ட."

பாடகி என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று புருவத்தால் கேட்டார். உச்சரிப்பு அழகாக இருந்ததாம் என்று அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஆன்ட்டியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தலையசைத்தார். ஆன்ட்டி கண் கலங்கிப் போனார்.

மகள் காரை எடுத்துவரப் போயிருந்தார். வாசலில் நிற்கும்போது பாடகி தன் ஃபோனில் தட்டி என்னிடம் நீட்டினார். "அந்தப் பெண் யார்?"

டைட்டிலில் குரல் கொடுத்த பெண்ணின் பெயர் இருந்ததா என்று யோசித்தேன். வீட்டுக்கார ஆன்ட்டியின் பெயர் சாப்பாட்டுக்காக இருந்தது. புல்வெட்டும் வீட்டுக்காரருக்குக்கூட நன்றி போட்டிருந்தார்கள். அவர் பெயர் இல்லை. உள்ளே போய் இயக்குநரிடம் கேட்டேன்.

"அது ஸ்டூடியோ ஏற்பாடுக்கா. ஆள் யாருன்னு நமக்குத் தெரியாது. அம்மா வாய்ஸ்னு கேட்டோம், அவங்களே போட்டு அனுப்பிட்டாங்க."

திரும்பி வந்து, தெரியவில்லையாம் என்றேன். அவர் மறுபடி தட்டினார். நீளமாகத் தட்டினார். "இருபது வயதில் நான் நான்கு இசைத்தட்டுகளில் பிறருக்குப் பின்னால் கோரஸ் பாடினேன். அட்டையில் என் பெயர் இல்லை. கேட்டுச் சொல்."

சரி என்றேன். கார் வந்தது. ஏறிக்கொண்டார்.

ஸ்டூடியோவுக்கு இதுவரை மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அன்று பேசியது இருவரில் ஒருவராக இருக்கலாம், பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பின் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் இன்னும் பாடகியின் வீட்டுக்குப் போகிறேன். கருவி வைத்துப் பேசும் பயிற்சியை அவர் இன்னும் தொடங்கவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் பலகையை என் பக்கம் திருப்பிக் காட்டுவார். முதல் கேள்வி எப்போதும் அதுதான். பெயர் கிடைக்கவில்லை என்பேன். அழித்துவிட்டு, வேறு எதையும் எழுதாமல், பலகையை மடியில் கவிழ்த்துக்கொள்வார்.